ரேடியோவுக்கு ஓர் இடம்

எங்கள் ஊருக்கு ரேடியோ வந்த வருஷம்தான் அப்பாவின் தலையிலிருந்து கரகம் இறங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

எங்கள் ஊர், ஓசூர் பக்கத்துப் பேரிகைக்கு மேற்கே, மைசூர் எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. இன்று அந்தச் சாலையில் ஓசூர் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. அப்போது காலையில் ஒரு பஸ் போகும், சாயங்காலம் அதுவே திரும்பி வரும். வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்கள் களத்தில் தெலுங்கு பேசுவார்கள். சந்தைக்குப் போனால் கன்னடத்தில் பேரம் நடக்கும். எந்த மொழியில் சண்டை தொடங்கினாலும் அது முடிவது மாரியம்மன் கோயில் முன்னால்தான்.

அப்பாவுக்கு இரண்டு பதவிகள். ஒன்று பரம்பரையாக வந்த பெரியதனம், ஊர்த் தலைமை. ஊர்ப் பண்டிகையில் பூங்கரகம் எடுப்பது பெரியதன வீட்டு மூத்த மகனின் உரிமை. இன்னொன்று ஓட்டுப் போட்டு வந்த பஞ்சாயத்து பிரெசிடெண்டு பதவி. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால் அவை வேறு வேறு என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கு மட்டும் தோன்றியது. அதனால் வந்த கதைதான் இது.

அப்பா சாமி கும்பிடாதவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் ஊர் அவரை அப்படித்தான் பேசியது. செவ்வாய்க்கிழமைகளில் ஒருவேளைதான் சாப்பிடுவார். காப்புக் கட்டிவிட்டால் மஞ்சள் வேட்டியோடு வாசலில் வெறும் தரையில் படுப்பார். அம்மாவிடம்கூட அதிகம் பேசமாட்டார். ஏரிக்கரைக் கிணற்றடியில் கரகத்தை ஜோடித்து, பம்பை முழங்க அதைத் தலையில் ஏற்றும்போது அவர் முகம் எனக்குத் தெரிந்த அப்பாவின் முகமாக இருக்காது. கையால் பிடிக்காமலே நடந்து வருவார். கரகம் அசையாது.

அந்தக் கரகத்துக்கு முன்னால் கைவிளக்கு பிடித்துப் போவது அந்த வீட்டுப் பெண் குழந்தையின் வேலை. உள்ளங்கையை வளைத்துச் சுடரை மறைத்துக்கொண்டு நான் நடப்பேன். ஊரே ஒதுங்கி வழிவிடும். சித்தப்பா மகள் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வருவாள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மாட்டுக்கொட்டகைதான் இருந்தது. அவள் இல்லாமல் நான் ஏரிக்குக்கூடப் போனதில்லை.

ரேடியோ ஒரு ஜீப்பில் வந்தது. சர்க்கார் பஞ்சாயத்துக்குக் கொடுத்தது. எங்கள் ஊரில் கரண்ட் இல்லை, ஆகவே பெரிய பாட்டரியில் ஓடுவது. கூரைமேல் வைக்க ஊமத்தம்பூ மாதிரி ஒரு குழாயும் கூட வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் வாசலிலேயே அதைத் திருகிக் காட்டினார். முதலில் காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்தது போல ஒரு சத்தம். பிறகு சென்னையிலிருந்து ஓர் ஆண் குரல், நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசியது. எங்கள் ஊரில் ராகிதான். இருந்தாலும் எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"நாம ஒண்ணு கேட்டா அந்த ஆளு பதில் சொல்லுவானா?" என்றார் ஒரு கிழவர்.

சொல்லமாட்டான், அவன் பேசுவதை நாம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும் என்று விளக்கினார்கள்.

"அப்ப அவனும் ஆபீசர்தான்" என்று கிழவர் எழுந்து போய்விட்டார்.

அதை எங்கே வைப்பது என்று பேச அன்று சாயங்காலமே கோயில் முன்னால் கூடினார்கள். பேச என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஊரில் மழைக்கு ஒழுகாத கட்டடம் கோயில் மண்டபம் ஒன்றுதான். பூட்டு உண்டு, சாவிக்குப் பூசாரி உண்டு. நானும் சித்தப்பா மகளும் கோயில் மதில்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

"மண்டபத்துல வெச்சா மாரியம்மாவும் கேப்பா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார். பிறகு சொன்னார்: "மாரியம்மாவுக்கு எதுக்குப்பா ரேடியோ? அவளுக்குத்தான் எல்லாமே கேக்குதே. கேக்காதவங்களுக்குத்தானே அதைக் குடுத்திருக்கான். சேரிக்காரங்க எங்க நின்னு கேப்பாங்க?"

சிரிப்பு நின்றது. பூசாரி மெல்ல, "உள்ளயே வரட்டும். சட்டந்தான் வந்துருச்சே, யாரு வேணாங்கறா?" என்றார்.

"வரட்டும்னு சொல்றே. வந்தா நீ அங்க இருப்பியா?"

பூசாரி மண்டபத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா குரலை உயர்த்தவில்லை. மாட்டுக்கு என்ன வியாதி என்று சொல்கிற மாதிரிதான் பேசினார்.

"கோயிலு நம்ம சாமியோட வூடு. அங்க யாரு எங்க நிக்கணும்னு ஒரு வழக்கம் இருக்குது. அதை ஒரே நாள்ல மாத்த எனக்குச் சக்தியில்ல. லாடம் கட்டற சாயபு இருக்கார், அவரும் வரி குடுக்கறார், அவரு மண்டபத்துல வந்து உக்காருவாரா? ரேடியோவுக்கு இன்னும் ஒரு வழக்கமும் உண்டாவல. இல்லாத வழக்கத்தை நாமளே எதுக்கு உண்டாக்கணும்? ரோட்டோரம் பஞ்சாயத்து நெலம் கெடக்குது. அங்க ஒரு ரூம்பு கட்டிடலாம்."

கூட்டம் உடனே கலைந்துவிடவில்லை. கோயிலை அவமானப்படுத்தியதாக ஒருவர் சொன்னார். மாரியம்மனை விட்டு விலக்கி வைத்த எதுவும் இந்த ஊரில் நிலைத்ததில்லை என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் கன்னடத்தில் நெடுநேரம் ஏதோ சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சித்தப்பா மட்டும் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்பா பக்கத்தில் உட்காருகிறவர். அன்றும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

அறை எழும்பியது. எங்கள் பக்கத்தில் கருங்கல் பலகைக்குப் பஞ்சமில்லை. நாலு பக்கமும் பலகைகளை நட்டு, மேலேயும் பலகை போட்டு, ஒரு கதவு வைத்தார்கள். அப்பாவும் சாயபுவும் சேரியிலிருந்து வந்த சில ஆட்களுமாகக் கட்டியது. முன்னால் உட்காரக் கல் பாவிய மேடை. எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய புளியமரம். அதன் அடியில்தான் சாயபு மாடுகளுக்கு லாடம் கட்டுவார். மரத்துக்குப் பின்னால் சேரிக்குப் போகும் தடம்.

ரேடியோ அறைக்கு யாரும் போகக்கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு வந்தது. தினமும் பொழுது சாய்ந்ததும் அப்பா லாந்தரோடு போய் அறையைத் திறப்பார். நானும் கூடப் போவேன். சென்னை கொஞ்ச நேரம், மைசூர் கொஞ்ச நேரம். கூரைமேல் இருந்த குழாய் ஊர் முழுக்கப் பேசியது. எங்கள் தெருவில் எல்லோரும் அவரவர் வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். போகக்கூடாது என்றுதான் கட்டுப்பாடு. காதை மூடிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கல் மேடை காலியாகவே இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"யாருமே வரலியேப்பா. யாருக்குப் போடறே?"

அப்பா லாந்தரைத் தூக்கி சாலைப் பக்கமாகத் திருப்பினார். புளியமரத்தடியில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகச் சேரி ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு வாருங்கள் என்று அப்பா கூப்பிட்டும் அவர்கள் சாலையைத் தாண்டியதில்லை. சாயபு தன் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அங்க இருக்கறவங்கல்லாம் யாரு?" என்றார் அப்பா.

"அவங்க சேரிக்காரங்க" என்றேன். நான் கேட்டது ஆட்கள் ஏன் வரவில்லை என்று.

அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். லாந்தரை மறுபடி கீழே வைத்தார்.

சித்திரையில் பண்டிகைக்கு நாள் குறித்தார்கள். பெரியவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே பேசினார்கள். ரேடியோவை மண்டபத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டால் ஒரு பேச்சும் இல்லை. இல்லையென்றால் கரகம் சித்தப்பாவுக்கு.

"அம்மாவைத் தள்ளி வெச்சவன் தலையில அவ எப்பிடிப்பா வந்து உக்காருவா?" என்றார் அவர்களில் மூத்தவர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். "தம்பி நல்லா எடுப்பான்" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் போனதும் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "ஊரோட ஒத்துப் போனா உங்களுக்கு என்னா கொறஞ்சு போவுது? ஒரு பொட்டிக்காவ மாரியம்மாவை வுட்டுட்டு நிக்கறீங்களே" என்றாள். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அம்மா அன்று முழுக்க முறத்தில் இருந்த அதே ராகியைத் திரும்பத் திரும்பப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

கரகத்துக்கான பித்தளைக் குடம் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருந்தது. காப்புக் கட்டுகிற அன்று காலையில் அதை வாங்கிப் போகச் சித்தப்பா வந்தார். உள்ளே வரவில்லை. அண்ணன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பாவே குடத்தை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, துடைத்து எடுத்து வந்தார்.

"அண்ணா, நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் மாட்டேன்னுடறேன்" என்றார் சித்தப்பா.

"நீயும் மாட்டேன்னா அம்மாவை யாரு தூக்கறது?" என்று அப்பா குடத்தை நீட்டினார். "ஏரிக்கரை எறக்கத்துல காலைப் பாத்து வை. சோத்தாங்கைப் பக்கம் வழுக்கும். கழுத்தை வெறைப்பா வெச்சுக்காதே. கரகம் தானா நிக்கும்."

சித்தப்பா குடத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அப்பா அவர் மாட்டுக்கொட்டகை தாண்டி மறையும்வரை நின்று பார்த்தார். பிறகு திரும்பி, எல்லா வருஷமும் செய்கிற மாதிரியே தன் வேட்டியை மஞ்சளில் நனைத்து உலர்த்தினார். அவருக்கு யாரும் காப்புக் கட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு, வாசல் தரையில் படுக்கை. எதையும் அவர் விடவில்லை.

விளக்குப் பிடிக்கிற வேலை சித்தப்பா மகளுக்குப் போனது. அவள் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். கொட்டகைக்கு அந்தப் புறம் அவள் எண்ணெய் ஊற்றாத கைவிளக்கை ஏந்திக்கொண்டு மேலும் கீழும் நடந்து பழகுவதை மாடுகளின் கால்களுக்கிடையே குனிந்து நான் பார்ப்பேன். சுடரை மறைக்க உள்ளங்கையை எப்படி வளைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. ஒருநாள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். உடனே விளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார யாரும் இல்லை. ஏரியில் துணி துவைக்கும் கல்லில் தனியாக உட்கார்ந்து, தண்ணீரில் கல்லெறிந்துவிட்டு வருவேன்.

அப்பாவுக்கும் மாரியம்மனுக்கும் சண்டை என்று நான் முடிவு செய்திருந்தேன். பெரியவர்களின் சண்டைகளை நடுவில் ஆள் போய்த்தான் தீர்ப்பார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு மத்தியானம், தெருவில் நாய்கூட இல்லாத வெயிலில் கோயிலுக்குப் போனேன். கம்பிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருட்டில் அம்மனின் வெள்ளிக் கண்கள் மட்டும் தெரிந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பா மேல் கோபப்பட வேண்டாம் என்றும், அவர் செவ்வாய்க்கிழமை இன்னும் ஒருவேளைதான் சாப்பிடுகிறார் என்றும், எங்கள் வீட்டுக்கு அம்மை வார்க்க வேண்டாம் என்றும் சத்தமாகவே சொன்னேன்.

மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் படுத்திருந்த பூசாரி எழுந்து உட்கார்ந்தார். நான் ஓடப் பார்த்தேன்.

"நில்லு பாப்பா" என்றார். கதவைத் திறந்து உள்ளே போய் விபூதி கொண்டுவந்தார். என் நெற்றியில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பூவரச இலையில் மடித்துக் கையில் கொடுத்தார். "அப்பனுக்கு வெச்சு வுடு. நான் குடுத்தேன்னு சொல்லாதே."

"பின்னே யாரு குடுத்ததுன்னு சொல்றது?"

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "மாரியம்மா குடுத்தான்னு சொல்லு. அது ஒண்ணும் பொய்யில்ல."

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாரியம்மா இப்பல்லாம் எலையில மடிச்சா குடுக்கறா?" என்று சிரித்தார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு துளியும் சிந்தாமல் நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். சண்டை தீர்ந்துவிட்டது என்று நான் நம்பினேன்.

பண்டிகை நாள் வந்தது. அம்மா எல்லாப் பெண்களையும் போல மாவிளக்கு எடுத்தாள். எங்கள் பக்கத்தில் அதைத் தம்பிட்டு என்போம். வழக்கமாகப் பெண்கள் வரிசையில் அவள்தான் முதலில் நிற்பாள். அந்த வருஷம் கடைசியில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அம்மா மறுபேச்சுப் பேசாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். போகும்போது வாசலில் ஒரு செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலை போட்டு வைத்துவிட்டுப் போனாள். எதற்கென்று என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. அப்பா குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியோடு வந்தார். செம்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"எடுத்துக்கோ. சிந்தாம வா" என்றார்.

நாங்கள் இருவரும் ரேடியோ அறைக்குப் போனோம். அன்று புளியமரத்தடியிலும் யாரும் இல்லை. தப்பட்டை அடிக்கிறவர்கள் சேரிக்காரர்கள்தான். மற்றவர்கள் ஊர்வலத்தைத் தூரத்திலிருந்து பார்க்கப் போயிருந்தார்கள். சாயபு கடையைக் கட்டிவிட்டிருந்தார். காலியான சாலை, காலியான மேடை, நாங்கள் இரண்டு பேர். அப்பா வழக்கம் போல ரேடியோவைத் திருகினார். ஒரு பெண் குரல் ஏதோ பாடியது. நான் மடியில் செம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊர் முழுக்க ஓரிடத்தில் இருக்கும்போது இன்னோர் இடத்தில் இருப்பது எப்படிப்பட்டது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஏரிப் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்டதும் அப்பா ரேடியோவை நிறுத்தினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாலையோரம் வந்து நின்றார். கரகம் ஏரிக்கரையிலிருந்து கோயிலுக்குப் போக இந்தச் சாலையைத்தான் தாண்ட வேண்டும்.

முதலில் தீவட்டிகள். பிறகு சித்தப்பா மகள், புதுப் பாவாடையில், கைவிளக்கோடு. அவள் முகம் பயத்தில் வெளுத்திருந்தது. சுடர் அணையவில்லை. அவளுக்குப் பின்னால் சித்தப்பா. அரளியும் மல்லிகையும் கோபுரமாக எழுந்த கரகம் தலையில் இருந்தது. அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

கரகம் வரும் வழியில் அந்தந்த வீட்டு ஆண்பிள்ளை அதை எடுப்பவரின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவது முறை. எல்லா வருஷமும் அப்பாவின் காலில் சித்தப்பா ஊற்றுவார். அப்பா என் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டு சாலை நடுவே போனார். பம்பை நின்றது.

அப்பா குனிந்து சித்தப்பாவின் இரண்டு காலிலும் தண்ணீர் ஊற்றினார். வேப்பிலையால் பாதங்களைத் துடைத்தார். பிறகு அந்த ஈரத்தில், மண்ணில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அண்ணா... வேணாண்ணா..." என்றார் சித்தப்பா. கீழே பார்க்க முடியாது, பார்த்தால் கரகம் சாயும். நிமிர்ந்த முகத்தில் கண்ணீர் இறங்கிக் கழுத்தில் வழிந்தது. அப்பா எழுந்தார். உடம்பெல்லாம் மண். சித்தப்பாவின் முழங்கைகளை மெல்லத் தொட்டு, "கையை எடு. அவ நிப்பா" என்றார். சித்தப்பா கைகளை எடுத்தார். கரகம் நின்றது. யாரோ ஒரு பெண் குலவை இட்டாள், பம்பை மறுபடி எழும்பியது, ஊர்வலம் எங்களைத் தாண்டிப் போனது. வரிசையின் கடைசியில் அம்மா தம்பிட்டுத் தட்டோடு போனாள். எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. தம்பி காலில் அண்ணன் விழுவதா? பிறகு வீட்டுக்கு வரும் வழியில் ஓர் ஆறுதல் தோன்றியது. அப்பா தோற்றுவிட்டார், மன்னிப்புக் கேட்டுவிட்டார். இனி ரேடியோ கோயிலுக்குப் போய்விடும், அடுத்த வருஷம் கரகம் எங்களுக்கு வந்துவிடும், நாளைக்கே நானும் சித்தப்பா மகளும் ஏரிக்குப் போகலாம்.

இப்படி நினைத்தது நான் மட்டும் அல்ல. மறுநாள் காலையில் பெரியவர்கள் ஒரு மாட்டுவண்டியோடு வந்தார்கள். வண்டியில் ரேடியோ குலுங்காமல் இருக்க வைக்கோல் பரப்பியிருந்தது. மாட்டுக் கொம்புகளில் முந்தின நாள் பூ இன்னும் இருந்தது. எல்லோர் முகத்திலும் சந்தோஷம். பழையபடி அப்பாவைப் "பெரியதனம்" என்று கூப்பிட்டார்கள்.

"சாவியைக் குடு பெரியதனம். நல்ல நேரத்துல மண்டபத்துல ஏத்திடலாம்."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவருக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருந்தது.

"நேத்து நான் கும்புட்டது மாரியம்மாவைப்பா" என்றார். "ரேடியோ அங்கதான் இருக்கும்."

"அப்ப எதுக்குத் தம்பி கால்ல வுழுந்தே?"

"அம்மா வரா. வுழாம எப்பிடி இருக்கறது?"

மூத்தவர் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னை எதுல சேத்துக்கறதுன்னே தெரியலப்பா" என்றார் கடைசியில். வண்டி காலியாகத் திரும்பிப் போனது. அம்மா கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போய் அப்பாவுக்குக் களி கிண்டத் தொடங்கினாள்.

கரகம் அதன் பிறகு அப்பாவிடம் வரவே இல்லை. அடுத்த தேர்தலில் பிரெசிடெண்டு பதவியும் போயிற்று. ரேடியோ அறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சேரி ஜனங்கள் சாலையைத் தாண்டி மேடைக்கு வர இன்னும் சில மழைக்காலங்கள் ஆயின. எங்கள் தெருக்காரர்களும் ஒவ்வொருவராக, ஏதோ அந்தப் பக்கம் வேலையாக வந்தது போல, வந்து உட்காரத் தொடங்கினார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது பண்டிகைக்கு மறுநாள் சாயங்காலத்தைப் பற்றி.

அன்றும் அப்பா லாந்தரோடு போனார். எனக்குப் போகவே பிடிக்கவில்லை. தனியாக வீட்டில் இருக்கவும் பிடிக்காமல் பின்னாலேயே போனேன். மைசூர் நிலையம் கன்னடத்தில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது ஊர்ப் பக்கமிருந்து சித்தப்பா வந்தார். காப்பு இன்னும் கையில் இருந்தது, மஞ்சள் வேட்டியும். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அவர் மகள்.

அவர் மேடைக்கு வரவில்லை. சாலை ஓரத்தில், முந்தின நாள் அப்பா விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், நின்றுவிட்டார். அப்பா அவரைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் சித்தப்பா மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

செய்தி முடிந்து, வேறு யாரோ மாடுகளின் கோமாரி நோயைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். சித்தப்பாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி அசையாமல் இருந்தார்கள். ஒருவர் உட்கார்ந்து, ஒருவர் நின்று. பேச்சு முடிந்து அப்பா ரேடியோவை நிறுத்தியதும் சித்தப்பா மகளை அழைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். மறுநாளும் வந்தார், அதே இடத்தில் நின்றார்.

மாட்டு வியாதியில் சித்தப்பாவுக்கு இத்தனை அக்கறையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் ரேடியோவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.